மூன்றாவது ஓலையும் ஒரு குழாய் ரத்தமும்

அந்த ஜனவரி மாதத்தில் காலை வேளைகளில் என் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. எழுந்ததும் ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் முதல் மணிக்குக் கரும்பலகையில் தேதி எழுதப் போனால் சாக்பீஸ் நழுவி விழும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதை எடுத்துக் கொடுக்க முண்டியடிப்பார்கள். பதினோரு மணி வாக்கில் விரல்கள் இளகும். மறுநாள் காலை மறுபடி அதே கதை.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சுதந்திரம் வந்து இரண்டாம் வருஷம் நடந்துகொண்டிருந்தது. சாந்தோமில் கோவிலுக்குப் பின்தெருவில் அப்பா, அம்மா, நான் என்று மூன்றே பேர் குடியிருந்தோம். அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கெல்லாம் முன்பு, கல்யாணமான புதிதில், அம்மாவை மதராஸிலேயே விட்டுவிட்டு மூன்று வருஷம் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். திரும்பி வந்த மறுவருஷம் நான் பிறந்தேன். இந்த ரங்கூன் விவரத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

பொங்கலை ஒட்டி எனக்கு ஐந்து நாள் காய்ச்சல் வந்திருந்தது. அது போனபின் மூட்டுவலி மட்டும் தங்கிவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒரு நாள் காலை நான் கொக்கியோடு மல்லாடுவதைப் பார்த்துவிட்டு அம்மா அப்படியே கதவருகில் நின்றுவிட்டாள். அப்பாவின் தங்கைக்கு, என் அத்தைக்கு, இப்படித்தான் ஆரம்பித்ததாம். அத்தையை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முப்பத்தைந்து வயதில் அவள் கைவிரல்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து மடங்கிப் போயிருந்தன. சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட வேண்டும். ஜெபமாலை உருட்டக்கூட முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"கல்யாணத்துக்கு முந்தி காட்டிடலாம்," என்றாள் அம்மா.

கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை பார்த்தார், மந்தைவெளியில் வீடு. விபூதிப் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை தாலி கட்டுவதாக ஏற்பாடு. புதன் பிறந்துவிட்டால் தபசு காலம், ஈஸ்டர் வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அதற்கு முன் மூன்று ஞாயிறு தொடர்ந்து பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், இதற்குத் தடையாக எதையாவது அறிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும் என்று பங்குச் சாமியார் ஊரறியப் படிப்பார். ஒரு ஓலையோ இரண்டு ஓலையோ படித்து நின்றுபோனால், என்ன தடை என்று ஊரே யோசிக்க ஆரம்பிக்கும். எங்கள் தெருவில் யோசிக்கிறவர்கள் அதிகம்.

லஸ்ஸில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மயிலாப்பூர்க்காரர், மூக்குத்தியும் மடிப்புக் கலையாத கைத்தறிப் புடவையும். என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். கன்னத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"கார்த்தால எத்தனை நாழி விறைச்சுண்டு இருக்கு?"

"ரெண்டு மூணு மணி நேரம்."

"இதுக்கு முன்னாடி மலேரியா வந்திருக்கா?"

"இல்லை."

"அம்மை குத்திண்டிருக்கியோ?"

"அதெல்லாம் சின்ன வயசுலேயே ஆயிடுச்சு டாக்டர்."

எல்லாக் கேள்விக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். எனக்கு எங்கேயும் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. டாக்டர் எழுதி முடிப்பதற்குள் நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன்.

"முடக்குவாதம்தான்னு அடிச்சுச் சொல்ற சோதனை எதுவும் நம்மகிட்ட இல்லேம்மா," என்றார். "வேற எதெல்லாம் இப்படி மூட்டைப் பிடிக்குமோ, அதையெல்லாம் ரத்தத்துல பார்த்து, இது இல்லை, அது இல்லைன்னு தள்ளிண்டே வரணும். ஒரு நோய் வந்தா உடம்பு அதை எதிர்க்க ரத்தத்துல ஒண்ணை உண்டாக்கி வெச்சுக்கும். நாம தேடறது அதைத்தான். நாலஞ்சு சோதனை எழுதறேன். எல்லாம் இல்லைன்னு வந்தா சந்தோஷம்."

அவர் சொன்ன பரிசோதனைக் கூடம் தியாகராய நகரில், பனகல் பார்க்கைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு. பின்கட்டில் கொய்யா மரத்தடியில் ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள். அதன் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மயிரைச் சிரைத்திருந்தார்கள். ரத்தம் எடுக்கிறவருக்கு ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, வெற்றிலை வாய்.

"இன்னாம்மா, ஆட்டப் பாத்துக்கினே நிக்கிற? இது இல்லன்னா எங்க டாக்டருக்கு வேலையே ஓடாது. இதும் ரத்தத்தையும் உன் ரத்தத்தையும் ஒரே குழாய்ல ஊத்தி இன்னா ஆவுதுன்னு பாப்பாரு. கைய நீட்டு. கொசு கடிச்சா மாரி இருக்கும்."

வலது கையை நீட்டினேன். ஒரு குழாய் நிறைய எடுத்துக்கொண்டார். எல்லாச் சோதனைக்கும் சேர்த்து முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாளா என்று நான் கேட்ட கேட்பில் ஆடு திரும்பிப் பார்த்தது.

அந்தப் பத்து நாளும் நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. வகுப்பில் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். சாயங்காலம் கடற்கரை மணலில் நடந்தேன். குப்பத்துப் பெண்கள் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டே, "இன்னா டீச்சரம்மா, எதுனா தொலைஞ்சிப் போச்சா?" என்று கேட்டார்கள். நடக்கும்போதெல்லாம் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் கைதான் கண்ணில் நின்றது. சாக்பீஸ் பிடிக்க முடியாத வாத்தியாரம்மா யாருக்கு வேண்டும்?

முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர் வரச் சொல்லியிருந்தார். நானும் அம்மாவும் போனோம். அவர் எழுந்துபோய் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மத்ததெல்லாம் இல்லைன்னு வந்திருக்கு. ஒண்ணு மட்டும் இருக்குன்னு காட்டறது," என்றார். காகிதத்தைப் பார்த்தபடியே பேசினார். "கெட்ட வியாதின்னு சொல்றாளே, அதுக்கான சோதனை. அதுவும் மூட்டைப் பிடிக்கும். அதனாலதான் எழுதினேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்துவிட்டேன். "என் கையைக்கூட இதுவரை யாரும் தொட்டதில்லை டாக்டர்!"

"உட்காரும்மா. நான் உன்னை ஒண்ணும் சொல்லலை. அது பிறவியிலேயே வரலாம். அப்பா அம்மாகிட்டேர்ந்து."

அம்மா தலையைத் தூக்கி, "அப்பான்னா?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் காகிதத்தை மடித்து வைத்தார். சோதனை பொய்யாகவும் இருக்கலாம் என்றார். சில காய்ச்சலுக்குப் பிறகு இப்படிக் காட்டுமாம். மூட்டையும் தோலையும் சேர்த்துப் பிடிக்கிற சில வியாதிகளிலும் காட்டுமாம். "அதுக்குத்தான் அன்னிக்கு அத்தனை கேள்வி கேட்டேன். நீ எல்லாத்துக்கும் இல்லைன்னுட்டே. முடிஞ்ச வரைக்கும் நாள் தள்ளித் திரும்பப் பார்ப்போம். பொய்யா இருந்தா சிலருக்குத் தானே அடங்கிடும். அடங்காம நின்னா, அப்போ இந்தக் கைவலியை வேற மாதிரி யோசிக்கணும். அதுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரு தடவை ரத்தம் குடுத்துடுங்கோ."

ஆக, ரத்தம் சொல்வது நிஜமென்றால் மானம் போகிறது. பொய்யென்றால் கை போகலாம். டிராமில் வரும்போது எது பரவாயில்லை என்று மாற்றி மாற்றி யோசித்தேன். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் வியாதிகள் என்றெல்லாம் பிற்காலத்தில் சொன்னார்கள். அன்றைக்கு அந்த வார்த்தைகளெல்லாம் என் காதில் விழவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ரங்கூனிலிருந்து அப்பா வந்த மாதம், நான் பிறந்த மாதம்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னது அம்மாதான். நான் சமையலறையில் நின்று கேட்டேன். அப்பா, "ஓலையை நிறுத்த வேண்டாம். நாளைக்கு வாசிக்கட்டும்," என்றார்.

மறுநாள் வாசித்தார்கள். பின்வரிசையில் யாரோ இருமினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மா ரத்தம் கொடுக்கப் போகவில்லை. தனக்கும் இருந்துவிட்டால் அதைத் தெரிந்துகொள்ளத் தெம்பில்லை என்றாள். அப்பா, "போகலாம், போகலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வாரம் ஒன்றுக்கு இரண்டு தடவை பென்ஷன் ஆபீசுக்கு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு கேட்டாள்.

"என்னங்க, ரங்கூன்ல எதாவது நடந்துச்சா? நேரா சொல்லிடுங்க."

அப்பா டியூஷன் பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். பேனாவை மூடி வைத்தார்.

"இருக்கலாம்," என்றார்.

அவ்வளவுதான். விவரம் இல்லை, மன்னிப்பு இல்லை. ஆயிரம் கணக்குக்கு விடை எழுதச் சொல்லிக் கொடுத்த மனிதர் ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டு மறுபடி நோட்டைத் திறந்தார்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவின் டம்ளரைத் தனியாக, மாடத்தில் வைத்தாள். அவர் தானே எடுத்துக் காபி ஊற்றிக் குடித்தார், தானே கழுவி அதே மாடத்தில் கவிழ்த்தார். நான் அவளைத் தடுக்கவில்லை. தடுக்காததோடு நிற்கவில்லை. தினமும் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போடுவார். நான் நடக்கக் கற்ற நாளிலிருந்து வந்த பழக்கம். டாக்டர் 'அப்பா அம்மாகிட்டேர்ந்து' என்று சொன்ன பிறகு வந்த திங்கட்கிழமையே, அவர் 'இருக்கலாம்' என்று சொல்வதற்கு முன்னாலேயே, அவர் கையை உயர்த்தியபோது நான் செருப்பை மாட்டுகிற சாக்கில் குனிந்துவிட்டேன். செவ்வாயன்று பின்வாசல் வழியாகப் போனேன். புதனிலிருந்து அவர் வாசலுக்கு வரவில்லை. அவர்மேல் எனக்கு அத்தனை அருவருப்பு. என் ரத்தத்தில் ஓடுவது அவர் செய்த காரியம் என்று நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறன்று நடந்த ஒன்று அம்மாவின் சந்தேகத்துக்கு முத்திரை குத்தியது. பூசையில் நன்மை வாங்க, சாமியார் கையால் அப்பம் வாங்க, எல்லோரும் எழுந்து போனார்கள். அப்பா போகவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அவர் நன்மை வாங்காத ஞாயிறு கிடையாது. ராத்திரி பன்னிரண்டுக்குப் பிறகு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்து வருகிறவர். மனசில் கனமான பாவத்தை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்பது எங்களுக்குப் பால்குடிப் பருவத்திலேயே புகட்டியது. அப்பா முழங்காலில் இருந்தபடியே தலையைக் குனிந்துகொண்டார். எங்களைத் தாண்டிப் போனவர்கள் அவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனார்கள்.

"பாத்தியா?" என்றாள் அம்மா என் காதில். "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

எனக்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஆனால் மனசு அத்துடன் அடங்கவும் இல்லை. மூன்றாவது ஓலைக்கு முன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் நினைப்பேன். சொல்லவே கூடாது என்று அடுத்த மணி நேரம். கடிதம் எழுத உட்கார்ந்தால் விரல் மடங்காது. மடங்குகிற நேரத்தில் வார்த்தை வராது. மூன்று தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின புதன்கிழமை, பள்ளிக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மறுபடி தியாகராய நகர் போனேன். இந்த ஒரு சோதனைக்கு மட்டும் மூன்று நாள் போதுமாம், இதற்கு மேல் தள்ளினால் சனிக்கிழமைக்குள் முடிவு கிடைக்காது. ஆடு அதே இடத்தில் நின்று கொய்யா இலை மென்றுகொண்டிருந்தது. ரத்தம் எடுக்கிறவர் வலது கையில் இரண்டு தடவை குத்திப் பார்த்தார். நரம்பு அகப்படவில்லை.

"அந்தக் கைய குடு. ஜாக்கெட்ட நல்லா மேல தூக்கு."

நான் அணிவது முழங்கை வரை வரும் ரவிக்கை. தோள் வரை சுருட்டினேன். அவர் ஊசியைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, புதுத் தழும்பா கீது? ஒண்ணுக்கு ரெண்டு. எப்போ அம்மை குத்திக்கின?"

"நான் குத்திக்கலை," என்றேன். தழும்பைக் குனிந்து பார்த்தேன். "பள்ளிக்கூடத்துல... பிள்ளைங்களுக்கு குத்த வந்தாங்க."

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. குப்பத்தில் இரண்டு பேருக்கு அம்மை போட்டிருந்தது என்று கார்ப்பரேஷனிலிருந்து அம்மை குத்துகிறவர் வந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவர் பெட்டியைப் பார்த்ததுமே ஓலமிட்டார்கள். "இதோ பாருங்க, டீச்சர் அழறேனா?" என்று முதலில் என் கையை நீட்டினேன். அடுத்து நான்காம் வகுப்பில் அதே ஓலம். அங்கேயும் நீட்டினேன். அவர், "ஒண்ணு போதும் டீச்சர்," என்றார். "பரவாயில்லை, குத்துங்க. அப்பத்தான் இதுங்க அடங்கும்," என்றேன். ஒரு வாரம் கை வீங்கிக் கொப்புளித்தது. அதை நான் எனக்குக் குத்திக்கொண்டதாக நினைக்கவே இல்லை. எழுத்து கற்பிக்கும்போது பலகையில் எழுதிக் காட்டுவதைப் போல அதையும் செய்து காட்டினேன், அவ்வளவுதான். டாக்டர் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது நான் கைக்குழந்தையாக இருந்தபோது குத்தியது.

"அட நீ ஒரு ஆளு!" என்று ரத்தம் எடுக்கிறவர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்க டாக்டரு மொதல்ல அத்தத்தான் கேப்பாரு. அம்மை குத்தினா கொஞ்ச நாளைக்கி ரத்தம் தப்பாக் காட்டும். பட்டாளத்துல கூட அப்டி ஆச்சுன்னு சொல்லுவாரு. தெரிஞ்சிருந்தா அந்தப் பெரியவர இம்மாந்தூரம் அலைய வுட்டிருக்க வேணாமே."

"எந்தப் பெரியவர்?"

"உன் நைனாதான். போன வாரம் திங்கக்கெழம வந்து ரத்தம் குடுத்துட்டுப் போனாரு. வியாயக்கெழம சீட்டு வாங்கிக்கினு போனாரு. உன் சீட்டுல இருந்த நம்பரச் சொல்லி, இவளுக்கு நான் தகப்பன், இந்த சோதனைய எனக்கும் பண்ணுங்கன்னாரு. வூட்ல சொல்லாதன்னு வேற கேட்டுக்கினாரு. நான் ஒரு ஓட்டவாயி."

"என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல, சுத்தமா இல்லன்னு வந்துச்சு." ஊசியை ஏற்றிக்கொண்டே பேசினார். "இல்லன்னு சொன்னா ஜனங்க என் கையப் புடிச்சி கண்ல ஒத்திக்கும். இவரு மூஞ்சி தொங்கிப் போச்சும்மா. நல்லாப் பாத்தீங்களா, கொஞ்சமாச்சும் இருக்கான்னு ரெண்டு தபா கேட்டாரு. இருந்தா தேவலன்னு நெனக்கிற ஆள இன்னிக்கித்தான் பாத்தேன்னு எங்க டாக்டருகிட்ட கூட சொன்னேன்."

குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு வலிக்கவில்லை. திங்கட்கிழமை நான் செருப்பு மாட்டக் குனிந்தேன். அதே திங்கட்கிழமை அவர் இங்கே கையை நீட்டியிருக்கிறார். வியாழக்கிழமை சீட்டு கையில் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மாவிடம் 'இருக்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்.

பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். லஸ்ஸில் இறங்கி டிராமுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் சாந்தோம் வரை நடந்தேன். அப்பா சாயங்காலம் நடக்கும் இடம் எனக்குத் தெரியும். கோவிலுக்குப் பின்னால், கட்டுமரங்களை ஏற்றிவைத்திருக்கும் மேட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"தியாகராய நகர் போயிருந்தீங்களாப்பா?"

அவர் கடலைப் பார்த்தபடியே நின்றார். "சொல்லிட்டானா? சொல்லாதேன்னேனே."

"சுத்தமா இல்லைன்னு சீட்டு வாங்கிட்டு வந்து, அம்மாகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு பாப்பா," என்றார். "உனக்கு இன்னும் ஆகலையே."

எனக்குப் புரிந்தது. எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை என்று வீட்டில் தெரிந்தால், அம்மாவின் கண் அடுத்து என் பக்கம் திரும்பும். அந்தக் கண் தன் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். புரிந்ததும் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"அப்போ என்னைச் சந்தேகப்பட்டீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த வாரத்தில் ஒரு பொய் சொன்னவருக்கு இன்னொன்று சொல்ல முடியாதா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒரு நாள். வியாழக்கிழமை சீட்டைக் கையில வாங்கினதிலேர்ந்து, மறுநாள் காலைல கொக்கி மாட்ட முடியாம நீ அம்மாவைக் கூப்பிட்டியே, அது வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் எதுவா இருந்தாலும் பரவாயில்லைன்னு ஆயிடுச்சு."

உன்னை நம்பினேன் என்று அவர் சொல்லவில்லை. அதை நான் அப்போதே கவனித்தேன். இந்த வயதிலும் சில நாட்கள் அந்த வாக்கியத்தை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன். நான் தழும்பைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "ரெண்டு வகுப்பிலேயுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். முடிவு வரும்வரை அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் லஸ் டாக்டர் சீட்டைப் பிரித்தார். இல்லை என்றிருந்தது. "எல்லா வரியிலேயும் இல்லை," என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு என் இடது கையைப் பார்த்துவிட்டு ஒரு பாட்டம் திட்டினார். "நீ பாடம் நடத்தற லட்சணத்துக்கு ஒரு குடும்பமே இடிஞ்சு போயிருக்கும்! அந்தச் சோதனை பொய்யா நிலைச்சு நின்னிருந்தா நான் உன் மூட்டுக்கு வேற பேர் வெச்சிருப்பேன். இப்போ அடங்கிடுத்து, அதனால அந்தப் பயமும் பாதிக்கு மேல போச்சு. கைவலி காய்ச்சலோட மிச்சமா இருக்கும். நாலு மாசம் பார்ப்போம்." நாலு மாசம் ஆகவில்லை, வெயில் ஏறுவதற்குள் வலி போய்விட்டது. சாக்பீஸ் பிடித்து முப்பத்தோரு வருஷம் எழுதினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என் சீட்டு, அப்பாவின் சீட்டு, ஆடு, தழும்பு, எல்லாம் முன்பின்னாக வந்தது. அம்மாவுக்கு என் சீட்டு புரிந்தது. அப்பாவுடையது புரிய நேரமாயிற்று. புரிந்ததும் எழுந்து போய் மாடத்திலிருந்த டம்ளரை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தாள். ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. தேய்த்துக்கொண்டே, "இப்படியா ஒரு மனுஷர் இருப்பார், இப்படியா?" என்று திட்டி அழுதாள். அப்பா கூடத்தில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் காபியை அவளே அந்த டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் மிச்சம் வைத்ததை அங்கேயே நின்று குடித்தாள்.

அன்று சாயங்காலம் மூன்று பேருமே பாவசங்கீர்த்தனத்துக்கு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, போனோம். வரிசையில் அப்பா முதலில், அடுத்து அம்மா, கடைசியில் நான். அப்பா உள்ளே வெகுநேரம் இருந்தார். அம்மாவிடம் சொன்ன பொய்யைச் சொன்னாரா, என்மேல் பட்ட சந்தேகத்தைச் சொன்னாரா, அது அவருக்கும் சாமியாருக்கும் மட்டுமே தெரியும். என் முறை வந்தபோது நான் ஜன்னலுக்கு முன் முழங்காலில் நின்று, தாய் தகப்பனை மதிக்காமல் நடந்தேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டார். தெரியாது என்றேன். அது இன்னொரு பொய்.

மறுநாள் காலை பூசைக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடாமலே நான் அவர்முன் போய் நின்று நெற்றியைக் காட்டினேன். அவர் கட்டைவிரலை எடுத்தார், ஒரு கணம் தயங்கினார். நான் குனிந்துவிடுவேனோ என்று பார்த்தார். அந்தத் தயக்கத்தை நான்தான் அவருக்குப் பழக்கியிருந்தேன்.

கோவிலில் மூன்றாவது ஓலையை வாசித்தார்கள். தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்றபோது யாரும் இருமவில்லை. நன்மைக்கு எல்லோரும் எழுந்தார்கள், அப்பாவும் எழுந்தார். அவருக்குப் பின்னால் நடக்கும்போது நான் நாட்களை எண்ணினேன். டாக்டர் கதவைச் சாத்திய சனிக்கிழமையிலிருந்து, தியாகராய நகரில் கையை நீட்டிய புதன்கிழமை வரை. கையில் சீட்டை வைத்துக்கொண்டு அவர் என்னை ஒரு நாள் சந்தேகப்பட்டார். கையில் ஒன்றுமே இல்லாமல் நான் அவரைப் பதினோரு நாள்.